சிங்கப்பூர் வீழ்ச்சியும் இறுதிப் படைவரவும்

1942-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 29-ஆம் நாள். சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பெருங்கப்பல்கள் சில கரையணைந்தன. பிரிட்டனின் 18-ஆம் டிவிஷனைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் அவற்றிலிருந்து இறங்கினர். நார்ஃபோக், சஃபோக், கேம்பிரிட்ஜ்ஷயர் முதலிய கிழக்கிங்கிலாந்துப் பகுதிகளைச் சேர்ந்தோர் அவர்களுள் பெரும்பாலோர். கடல் கடந்து களைத்து வந்த அவர்கள் கண்ட முதற்காட்சி, புகை மண்டிய வானமும் குண்டுவீச்சில் சிதைந்த கிடங்குகளுமே. அதே துறைமுகத்தில் பெண்டிரும் பிள்ளைகளும் தீவை விட்டு வெளியேறக் காத்து நின்றனர். படைவீரரை இறக்கிய கப்பல்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பின.

அன்றிலிருந்து பதினேழாம் நாளில், அதாவது பிப்ரவரி 15-ஆம் நாளில், புக்கிட் தீமாவிலுள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் ஜெனரல் பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்தார். தீவில் இருந்த ஏறத்தாழ 85,000 வீரர் போர்க்கைதிகளாயினர். பதினேழு நாட்களுக்கு முன் வந்து இறங்கிய இளைஞர்களும் அவர்களுள் அடங்குவர்.

இழக்கப்போகும் தீவுக்கு அத்துணைப் பெரிய படையை அனுப்பியது தக்க செயலா? அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததா? பல்லாண்டுகளாக வரலாற்றாசிரியர்கள் வாதிட்டு வரும் வினா இது. இந்நாட்டு மண்ணிலேயே நிகழ்ந்த செய்தியாதலின், மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் மாணவர்க்கு இவ்வினா வெறும் பாடநூற் செய்தி அன்று.

போர் தொடங்கிய நிலை

1941-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில் ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கினர். இரு நாட்களுக்குப் பின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' என்னும் இரு போர்க்கப்பல்களும் குவாந்தான் கடற்பரப்பில் மூழ்கடிக்கப்பட்டன. கடற்படையைக் கொண்டு மலாயாவைக் காப்பது என்னும் பழைய திட்டம் அன்றோடு முடிந்தது. வான்படையோ தொடக்கத்திலேயே குறைபட்டிருந்தது. மலாயாவுக்கு 336 விமானங்கள் வேண்டும் என்று இலண்டனில் இருந்த படைத்தலைவர்கள் 1940-ஆம் ஆண்டிலேயே கணித்திருந்தனர். போர் மூண்டபோது அதிற் பாதியளவே இருந்தது. அவற்றுள்ளும் பல பழைய வகையைச் சேர்ந்தவை. டாங்கிகளோ ஒன்றுகூட இல்லை. ஜப்பானியரிடம் இருநூற்றுக்கும் மேற்பட்ட டாங்கிகள் இருந்தன.

எனவே எஞ்சிய நம்பிக்கை தரைப்படை ஒன்றே. அப்படையும் ஜித்ராவில் டிசம்பர் 12-ஆம் நாளையொட்டி முறிந்தது. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 7-ஆம் நாள் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் 11-ஆம் இந்திய டிவிஷனை ஊடறுத்துச் சென்றன. ஜனவரி 11-ஆம் நாள் கோலாலம்பூர் வீழ்ந்தது. ஐந்து வார காலத்திற்குள் மலாயாவின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. இத்தகைய நிலையிலேதான் புதிய படைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரத் தொடங்கின.

வந்த படைகளும் வந்த நாட்களும்

முதலில் வந்தது 45-ஆம் இந்தியப் பிரிகேடு. அது ஜனவரி 3-ஆம் நாள் சிங்கப்பூரை அடைந்தது. ராஜபுத்தானா, ஜாட், கடுவாலி என்னும் மூன்று பட்டாளங்களைக் கொண்ட அந்தப் பிரிகேடில் பெரும்பாலோர் அண்மையிலேயே படையிற் சேர்ந்த இளைஞர்கள். காட்டுப்போருக்குரிய பயிற்சி அவர்களுக்கு அளிக்கப்படவில்லை.

ஜனவரி 13-ஆம் நாள் 18-ஆம் டிவிஷனின் முற்பகுதியான 53-ஆம் பிரிகேடு வந்தது. அதே கப்பல் வரிசையில் 51 ஹரிக்கேன் போர்விமானங்கள் பெட்டிகளில் அடைக்கப்பட்டு வந்தன. ஜனவரி 22-ஆம் நாளையொட்டி 44-ஆம் இந்தியப் பிரிகேடும் இந்தியப் பட்டாளங்களின் இழப்பை ஈடுசெய்ய ஏறத்தாழ 7,000 புதிய வீரரும் வந்தனர். 24-ஆம் நாள் ஆஸ்திரேலிய இயந்திரத் துப்பாக்கிப் பட்டாளம் ஒன்றும், ஏறத்தாழ 1,900 துணைவீரரும் வந்தனர். அத்துணைவீரருள் பலர் படைப்பயிற்சியை முடிக்காதவர்கள். 29-ஆம் நாள் 18-ஆம் டிவிஷனின் பெரும்பகுதி வந்தது. இறுதியாகப் பிப்ரவரி 5-ஆம் நாள் வந்த 'எம்ப்ரஸ் ஆஃப் ஏசியா' என்னும் கப்பல் சிங்கப்பூரை நெருங்கும் வேளையில் குண்டுவீச்சுக்கு இரையாயிற்று. வீரரிற் பெரும்பாலோர் உயிர் தப்பினர். அவர்களுடைய படைக்கருவிகள் கடலுக்குள் போயின.

ஒரு மாத காலத்தில் வந்த இப்படைகளை ஏட்டிலே கூட்டிப் பார்த்தால் பெருந்தொகையாகவே தோன்றும். அத்தொகை எத்துணை வலிமையாக மாறிற்று என்பதே ஆராயத்தக்கது.

இலண்டனில் எழுந்த வாதம்

புதிதாக அமைந்த நேசநாட்டுக் கூட்டுத் தலைமையை ஏற்றிருந்த ஜெனரல் வேவல், ஜொகூர் வீழ்ந்தபின் சிங்கப்பூர்த் தீவு நெடுநாள் நில்லாது என்ற செய்தியை ஜனவரித் திங்களின் மூன்றாம் வாரத்தில் பிரதமர் சர்ச்சிலுக்குத் தெரிவித்தார். தீவின் வடகரையில் நிலைத்த அரண்கள் இல்லை என்பதையும் சர்ச்சில் அப்போதுதான் நன்குணர்ந்தார். கோட்டை என்று எண்ணியிருந்த இடம் பின்வாசல் திறந்த வீடாக இருந்தது.

ஜனவரி 21-ஆம் நாள் சர்ச்சில் தம் படைத்தலைவர்கள் முன் ஒரு வினாவை வைத்தார். சிங்கப்பூர் சில வாரங்களே நிற்கும் எனில், அங்குப் போகும் படைகளைப் பர்மாவுக்குத் திருப்புதல் நன்றன்றோ என்பதே அவ்வினா. பர்மாவின் ரங்கூன் துறைமுகம் சீனாவுக்குப் போர்ப்பொருள் செல்லும் வாயில். அது வீழின் சீனாவுக்குச் செல்லும் பர்மாச் சாலையும் அடைபடும். இந்தியாவின் கிழக்கெல்லையும் திறந்துவிடும்.

இக்குறிப்பு இலண்டனில் இருந்த ஆஸ்திரேலியப் பிரதிநிதி எர்ல் பேஜ் கண்ணிற் பட்டது. அவர் தம் நாட்டுக்குச் செய்தி அனுப்பினார். ஜனவரி 23-ஆம் நாள் ஆஸ்திரேலியப் பிரதமர் கர்ட்டின் பெயரில் கடுமையான தந்தி ஒன்று இலண்டனை அடைந்தது. சிங்கப்பூரைக் கைவிடுவது பொறுக்கவொண்ணாத நம்பிக்கைத் துரோகம் எனக் கருதப்படும் என்பது அதன் கருத்து. சிங்கப்பூரை நம்பியே ஆஸ்திரேலியா தன் படைகளை மத்தியக் கிழக்குக்கு அனுப்பியிருந்தது; அதன் 8-ஆம் டிவிஷனின் இரு பிரிகேடுகள் மலாயாவிற் போரிட்டுக்கொண்டிருந்தன. ஆதலின் அந்தச் சினம் காரணமற்றதன்று.

அதன்பின் நடந்ததுதான் வியப்பு. படையைச் சிங்கப்பூருக்கே அனுப்புவோம் என்று எவரும் தெளிந்து முடிவெடுக்கவில்லை. பர்மாவுக்குத் திருப்புவோம் என்றும் முடிவெடுக்கவில்லை. முன்பே இட்ட ஆணையின்படி கப்பல்கள் சிங்கப்பூர் நோக்கிச் சென்றன. சர்ச்சில் போருக்குப் பின் எழுதிய நினைவு நூலில் இதனை மறைக்கவில்லை. படைத்துறைக் கணக்கை மட்டும் எடைபோட்டிருந்தால் தட்டு ரங்கூன் பக்கமே சாய்ந்திருக்கும் என்பது அவர் கருத்து. முடிவெடாமையே இங்கு முடிவாயிற்று.

தக்கது என்பார் கூற்று

படை அனுப்பியது தக்கதே என்று வாதிடுவோர் காட்டும் காரணங்கள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல.

முதலாவது, நட்பின் கடமை. ஆஸ்திரேலியரும் இந்தியரும் மலாயாவிற் குருதி சிந்திக்கொண்டிருந்தபோது, பிரிட்டிஷ் டிவிஷன் மட்டும் வழிமாறிச் சென்றிருந்தால் கூட்டணியின் நம்பிக்கை சிதைந்திருக்கும். பிலிப்பைன்சில் பத்தான் முனையில் அமெரிக்கரும் பிலிப்பினோக்களும் தளராது போரிட்டுக்கொண்டிருந்த வேளை அது. பிரிட்டன் தன் பெருந்தளத்தைப் போரின்றிக் கைவிட்டது என்னும் பழி, அத்தகைய வேளையில் தாங்கவொண்ணாப் பழியாக இருந்திருக்கும்.

இரண்டாவது, காலம் வாங்குதல். சிங்கப்பூர் நிற்கும் ஒவ்வொரு நாளும் சுமத்ராவையும் ஜாவாவையும் அரண் செய்ய உதவும் என்று வேவல் கருதினார். புதிய படைகள் வந்தபின் எதிர்த்தாக்குதல் நடத்தலாம் என்னும் எண்ணமும் அவருக்கு இருந்தது.

மூன்றாவது, மக்களின் பாதுகாப்பு. தீவில் அப்போது அடைக்கலம் புகுந்தோரையும் சேர்த்துப் பத்து இலட்சத்தை எட்டும் மக்கள் நெருங்கியிருந்தனர். அவர்களைக் காக்கும் பொறுப்பை நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட அரசு எவ்வாறு துறக்க இயலும்?

நான்காவது, வெற்றி வாய்ப்பு முற்றிலும் இல்லாமற் போகவில்லை என்பது. தீவைத் தாக்கிய ஜப்பானியர் ஏறத்தாழ 30,000 பேரே. அவர்களுடைய வெடிமருந்தும் குறைந்துவிட்டிருந்தது. சரணடையும் பேச்சின்போது தம் படையின் குறைவு வெளிப்பட்டுவிடுமோ என்று யமஷிதா அஞ்சியிருந்தது பின்னர் தெரிய வந்தது. இத்தகைய நிலையில் இன்னும் ஒரு டிவிஷன் தராசைச் சாய்த்திருக்கலாம் என்று கருதியது பேதைமை அன்று என்பர்.

தகாதது என்பார் கூற்று

எதிர்த்தரப்பார் இவற்றை ஒவ்வொன்றாக மறுப்பர். நட்பின் கடமை உண்மையே. ஆயினும் அதற்காக ஒரு டிவிஷன் முழுவதையும் மீளா இடத்தில் இழக்க வேண்டுமோ என்பர். வாங்கிய காலமும் பயன் தரவில்லை. ஜாவா மார்ச்சுத் திங்களிலேயே வீழ்ந்தது. மக்களைக் காக்க வந்த படை மக்களைக் காக்கவில்லை. சரணடைந்த சில நாட்களுக்குள் சீன ஆடவர் ஆயிரக்கணக்கில் பிரித்தெடுக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

இவற்றினும் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. வரவிருந்த கப்பல்களைக் காப்பதற்காகவே வடமலாயாவின் போர்முறை வகுக்கப்பட்டது. மத்திய மலாயாவின் விமானத் தளங்கள் விரைவில் ஜப்பானியர் கைக்குப் போய்விட்டால், சிங்கப்பூருக்கு வரும் கப்பல்கள் வழியிலேயே அழிக்கப்படும். ஆகவே ஜனவரி நடுப்பகுதிவரை எவ்வாறேனும் அவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும் என்று பெர்சிவல் எண்ணினார். அதன் பொருட்டு 11-ஆம் இந்திய டிவிஷன் ஓய்வின்றி, ஓரிடத்திலும் ஊன்றி நில்லாமல், இரவிற் பின்வாங்கிப் பகலிற் போரிட்டது. இறுதியில் சிலிம் ரிவரில் அது சிதறியது. வரப்போகும் படைக்காக இருக்கும் படை செலவழிந்தது. வந்த படையோ, இழந்த படையின் இடத்தை நிரப்பக்கூடப் போதவில்லை.

வள்ளுவர் வகுத்த அளவுகோல்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் 48, 49, 50 என அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுக்கு முன்னே தெரிந்து செயல்வகை நிற்கின்றது. படைமாட்சி என்னும் அதிகாரமோ நெடுந்தொலைவு தள்ளி, 77-ஆவதாக வருகின்றது. படையின் பெருமையைப் பேசுவதற்கு முன் வலியையும் காலத்தையும் இடத்தையும் எண்ண வேண்டும் என்பதை இவ்வைப்பு முறையிலிருந்தே மாணவர் உய்த்துணரலாம். சிங்கப்பூரின் இறுதிப் படைவரவை அம்மூன்றாலும் அளந்து காண்பது பொருந்தும்.

வலி. 18-ஆம் டிவிஷன் 1941-ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் மத்தியக் கிழக்கின் பாலைவனப் போருக்கென்றே பிரிட்டனை விட்டுப் புறப்பட்டது. அட்லாண்டிக் கடலைக் கடந்து, ஹாலிஃபாக்சில் அமெரிக்கக் கப்பல்களுக்கு மாறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி வரும்போதே ஜப்பானுடன் போர் மூண்டது. போகும் வழியிலேயே போகுமிடம் மாறிற்று. 53-ஆம் பிரிகேடு ஏறத்தாழ பதினொரு வாரம் கடலில் இருந்துவிட்டுச் சிங்கப்பூரில் இறங்கியது. கால்கள் தரையிற் பழகுமுன்னரே, சில நாட்களுக்குள் ஜொகூரின் பத்து பகாட், யோங் பெங் பகுதிகளுக்கு அது விரைந்தனுப்பப்பட்டது. ரப்பர்த் தோட்டத்தையும் சதுப்புக்காட்டையும் முன்பின் கண்டிராத அவ்வீரர், அவற்றில் மிதிவண்டியிற் பாய்ந்து வரும் பகைவரை எதிர்கொண்டனர். அவர்கள் வீரத்திற் குறைந்தவர் அல்லர். அவ்வீரத்திற்கு உரிய பயிற்சியும் ஓய்வும் அவர்களுக்கு வழங்கப்படவில்லை.

45-ஆம் இந்தியப் பிரிகேடின் கதை இன்னும் துயரமானது. வந்து இரு வாரங்கூட ஆகாத நிலையில் மூவார் ஆற்றின் நெடிய கரையைக் காக்கும் பணி அதற்கு இடப்பட்டது. ஜனவரி 15-ஆம் நாள் தொடங்கி ஜப்பானிய அரசகாவல் டிவிஷன் அதன்மேற் பாய்ந்தது. பிரிகேடியர் டங்கனும் மூன்று பட்டாளத் தளபதிகளும் உயிரிழந்தனர். உதவிக்கு வந்த இரு ஆஸ்திரேலியப் பட்டாளங்களும் அவர்களோடு சூழப்பட்டன. பாரிட் சூலோங் பாலத்தருகே விட்டுச்செல்ல நேர்ந்த காயமுற்றோர் கொடுமையாகக் கொல்லப்பட்டனர். நாலாயிரத்துக்கு மேற்பட்டோருள் யோங் பெங்கை மீண்டடைந்தோர் ஏறத்தாழ 900 பேரே. எண்ணிக்கையிலே பிரிகேடு என்று வந்தது, மூன்று வாரத்திற்குள் பிரிகேடு என்னும் பெயரை இழந்தது.

காலம். ஹரிக்கேன் விமானங்கள் டிசம்பர்த் தொடக்கத்தில் இருந்திருந்தால் மலாயாப் போரின் போக்கு வேறாக இருந்திருக்கக்கூடும். ஜனவரி நடுவில் வந்த 51 விமானங்களுள், ஜனவரி 28-ஆம் நாள் பறக்க ஆயத்தமாக இருந்தவை 21 மட்டுமே. எச்சரிக்கை செய்யும் நிலையங்களும் வடக்கிலுள்ள தளங்களும் பறிபோனபின் வந்த விமானம், அறுவடை முடிந்தபின் பெய்த மழையை ஒத்தது. படைக்கும் அதுவே பொருந்தும். 1941-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மலாயாவுக்கு 48 காலாட்பட்டாளங்கள் தேவை என்று பெர்சிவல் கேட்டிருந்தார். கேட்ட காலத்தில் கிடைக்காதது, கைமீறிய காலத்தில் வந்து குவிந்தது.

இடம். இறுதிப் படையை எங்கு நிறுத்தினர் என்பது இக்கதையின் மிகக் கசப்பான பகுதி. ஜப்பானியர் வடமேற்குக் கரையில் இறங்குவர் என்றும், களைப்பு மிகாத 18-ஆம் டிவிஷனை அங்கு நிறுத்துக என்றும் வேவல் கருத்துரைத்தார். பெர்சிவலோ வடகிழக்கிலேயே தாக்குதல் வரும் என்று எண்ணினார். அவ்வாறே 18-ஆம் டிவிஷன் வடகிழக்கில் நிறுத்தப்பட்டது. பிப்ரவரி 7-ஆம் நாள் மாலையில் ஜப்பானியர் புலாவ் ஊபினில் இறங்கி அத்திசையையே நோக்கச் செய்தனர். மறுநாள் இரவு, பிப்ரவரி 8-ஆம் நாள், அவர்களுடைய இரு டிவிஷன்கள் வடமேற்கில் நீரிணையைக் கடந்தன. அங்கு அகன்ற கரைப்பகுதியை ஒற்றை ஆஸ்திரேலியப் பிரிகேடு காத்து நின்றது. 18-ஆம் டிவிஷனிலிருந்து சில பட்டாளங்களைப் பெயர்த்தெடுத்துப் புக்கிட் தீமாவுக்கு அனுப்புமுன் அவ்விடம் பகைவர் கைக்குப் போயிற்று. உணவுக் கிடங்குகளும் எண்ணெய்க் கிடங்குகளும் அதனோடு போயின. தீவில் இருந்தோர் பலர். தாக்கப்பட்ட இடத்தில் இருந்தோர் சிலர்.

இதற்கு மாறான செயலும் அதே போரில் நிகழ்ந்தது. யமஷிதாவின் 25-ஆம் சேனைக்கு நான்காவதாக 56-ஆம் டிவிஷன் ஒதுக்கப்பட்டிருந்தது. மலாயாவின் ஒரே நெடுஞ்சாலையில் மூன்று டிவிஷன்களுக்கே உணவும் வெடிமருந்தும் கொண்டுசெல்ல இயலும் என்று கணக்கிட்ட அவர், நான்காவதை வேண்டாம் என்றார். அப்படை பின்னர் பர்மாவுக்குச் சென்றது. ஒரு தளபதி கொடுத்த படையையும் மறுத்து வென்றார். மற்றொரு தளபதி வந்த படையையெல்லாம் ஏற்றுத் தோற்றார். இதனாற் படை பெருகுதல் தீது என்பது பொருளன்று; பெருகும் படையை ஊட்டவும் இயக்கவும் தக்க இடத்தில் நிறுத்தவும் இயலுமா என்று முன்னரே எண்ணுதல் வேண்டும் என்பதே பொருள்.

ரங்கூனுக்குச் சென்றிருந்தால்

18-ஆம் டிவிஷன் ரங்கூனுக்குத் திரும்பியிருந்தால் பர்மா தப்பியிருக்குமா? இவ்வினாவுக்கும் நடுநிலையோடு விடை காணுதல் வேண்டும்.

பர்மாவின் காவல் மிக மெலிந்திருந்தது. அதற்கும் இப்படைவரவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மலாயாவுக்கு வந்த 44, 45-ஆம் இந்தியப் பிரிகேடுகள் இரண்டும் 17-ஆம் இந்திய டிவிஷனைச் சேர்ந்தவை. அந்த டிவிஷனின் தலைமையும் எஞ்சிய 46-ஆம் பிரிகேடும் மட்டுமே பர்மாவுக்குச் சென்றன. வேறு பிரிகேடுகளை ஒட்டுப்போட்டுச் சேர்த்த அந்த டிவிஷன் பிப்ரவரி 23-ஆம் நாள் சித்தாங் ஆற்றில் பேரழிவைக் கண்டது. அதன் பெரும்பகுதி அக்கரையில் இருக்கும்போதே பாலம் தகர்க்கப்பட்டது. மார்ச்சு 8-ஆம் நாள் ரங்கூன் வீழ்ந்தது. சித்தாங் கரையில் இன்னொரு முழு டிவிஷன் இருந்திருந்தால் நிலைமை மாறியிருக்கக்கூடும் என்பது ஏற்கத்தக்கதே.

ஆயினும் காட்டுப்போர் அறியாத அதே வீரர்தாம் அங்கும் சென்றிருப்பர். வான்வலிமை அங்கும் குறைவே. ரங்கூன் சில வாரங்கள் கூடுதலாக நின்றிருக்கலாம் என்பதற்கு மேல் உறுதியாகக் கூறுதல் அரிது.

எனினும் ஒரு வேறுபாடு ஐயத்துக்கு இடமின்றி நிற்கின்றது. பர்மாவிற் தோற்ற சேனைக்குப் பின்வாங்க நிலம் இருந்தது. நோயும் பசியும் வருத்த, நெடுவழி நடந்து, அது மே மாதத்தில் இந்திய எல்லையை அடைந்தது. அந்தச் சேனையின் 17-ஆம் டிவிஷனே பின்னர் இம்பாலிலும் பர்மா மீட்சியிலும் போரிட்டது. சிங்கப்பூரோ தீவு. ஜனவரி 31-ஆம் நாள் ஜொகூர்ப் பாலம் தகர்க்கப்பட்டபின், அங்கிருந்தோர்க்கு முன்னே பகைவர், பின்னே கடல். மீள வழியுள்ள இடத்திற்கு அனுப்பும் படை தோற்றாலும் மிஞ்சும். மீள வழியற்ற இடத்திற்கு அனுப்பும் படை, தோற்றால் முழுவதும் போகும். இந்த ஒரு கணக்கு அன்றே தெரிந்திருந்தது. பின்னர் அறிந்த செய்தியைக் கொண்டு முன்னோரைக் குறைகூறுதல் வரலாற்றறம் ஆகாது. அன்றே தெரிந்ததை எண்ணாமல் விட்டதைச் சுட்டுதல் வரலாற்றின் கடமை.

விலை கொடுத்தோர்

முடிவெடுத்தோர் வேறு, விலை கொடுத்தோர் வேறு. 18-ஆம் டிவிஷனின் தளபதி பெக்வித்-ஸ்மித் 1942-ஆம் ஆண்டு நவம்பரில் ஃபார்மோசாவிற் கைதியாகவே இறந்தார். அவருடைய வீரருட் பலர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதை அமைக்க அனுப்பப்பட்டனர். அப்பாதையில் உழைத்த நேசநாட்டுக் கைதிகளுள் 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் உழைத்தனர். நல்ல கூலி, சில மாத வேலை என்று ஆசை காட்டி அழைக்கப்பட்டோரும், வலிந்து பிடித்துச் செல்லப்பட்டோரும் அவருள் இருந்தனர். வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் அவர்கள் மடிந்தபோது பெயர்களைக் குறித்துவைக்க ஆளில்லை. இங்கிலாந்தின் சிற்றூரில் பிறந்த இளைஞனும் பேராக் தோட்டத்துப் பால்மரக் காட்டில் பிறந்த இளைஞனும் ஒரே காட்டில், ஒரே நோயால் இறந்தனர். ஒருவன் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்டது; மற்றவன் பெயர் அவன் வீட்டார் நினைவில் மட்டுமே நின்றது.

இந்தியப் படைவீரரின் நிலையும் எண்ணத்தக்கது. பிப்ரவரி 17-ஆம் நாள் ஃபேரர் பார்க் திடலில் நாற்பதாயிரம் அளவிலான இந்திய வீரர் தனியே கூட்டப்பட்டு ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். சில வாரங்களுக்கு முன் வந்திறங்கிய இளைஞரும் அக்கூட்டத்தில் இருந்தனர். பேரரசைக் காக்க அனுப்பப்பட்ட அப்படையிலிருந்தே பேரரசை எதிர்க்கும் இந்தியத் தேசிய இராணுவம் அங்கு முளைவிட்டது. 1943-ஆம் ஆண்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தபின், மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் அதிற் சேர்ந்தனர். படையை அனுப்பியோர் கனவிலும் எண்ணாத விளைவு இது.

முடிவு

இரு தரப்பையும் எடைபோடும்போது, வந்த படைகளை எல்லாம் ஒரே தட்டில் இடுதல் பொருந்தாது. ஜனவரி 13-ஆம் நாள்வரை வந்த படைகளையும் விமானங்களையும் அனுப்பியதில் நியாயம் இருந்தது. அவற்றை அனுப்ப எண்ணியபோது கோலாலம்பூர் வீழவில்லை. ஜொகூரிற் பகைவரைத் தடுக்கலாம் என்னும் நம்பிக்கையும் அழியவில்லை. ஜனவரி 21-ஆம் நாளுக்குப் பின் நிலைமை வேறு. தீவு நெடுநாள் நில்லாது என்பதைக் களத்தளபதி கூறிவிட்டார், பிரதமரும் உணர்ந்துவிட்டார். அதன்பின் வந்த படை, வெற்றிக்காக வந்த படை அன்று. நட்பு நாட்டின் மனம் கோணாமைக்காகவும் பேரரசின் பெயர் கெடாமைக்காகவும் வந்த படை.

அரசியற் காரணத்துக்காகப் படை அனுப்புதல் எப்போதும் குற்றம் என்று கூறிவிட இயலாது. கூட்டணியின் நம்பிக்கையும் ஒரு வலிமையே. ஆனால் அக்காரணத்தை அக்காரணம் என்றே ஒப்புக்கொண்டு, அதற்குரிய விலை இத்துணை உயிர் என்று எண்ணி, பின் முடிவெடுத்தல் வேண்டும். அங்கு நிகழ்ந்தது அதுவன்று. எண்ணிப் பார்க்க அஞ்சி, எவரும் முடிவெடுக்காமல், கப்பல்கள் சென்றன. அதுவே இப்படைவரவின் பெருங்குறை.

பள்ளியில் இப்பாடத்தை நடத்தும் ஆசிரியர், சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. தீவின் பீரங்கிகள் கடலை நோக்கியிருந்தன என்னும் பழங்கதையைக் கூறிப் பாடத்தை முடித்தலும் ஆகாது. 1942-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் அந்த மேசையருகே நீ அமர்ந்திருந்தால் என்ன கூறியிருப்பாய் என்று மாணவரை வினவுதல் வேண்டும். ஒருவன் ஆஸ்திரேலியாவுக்காக வாதிடட்டும். ஒருவன் பர்மாவுக்காக வாதிடட்டும். மூன்றாமவன் அந்த மேசையில் இடம் பெறாதவருக்காகப் பேசட்டும்: பயிற்சியின்றி மூவாருக்குப் போன கடுவாலி இளைஞனுக்காக, பதினொரு வாரம் கடலில் இருந்துவிட்டு வந்த நார்ஃபோக் இளைஞனுக்காக, அவர்களுடைய தோல்விக்குப் பின் சயாம் காட்டிற்குப் போன தோட்டத் தமிழனுக்காக.

படைத்தொகையைக் கூட்டுவது எளிது. ஏட்டிலே ஓர் எண்ணின் பின் இன்னோர் எண்ணை எழுதினாற் போதும். அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு தாயின் மகன் என்பதை எண்ணி, அவனை அனுப்பும் காலமும் இடமும் தக்கனவா என்று தெளிந்தபின் அனுப்புவதே அரிது. கிராஞ்சிப் போர்நினைவகத்தில் வரிசை வரிசையாக நிற்கும் வெண்கற்கள், அந்த அரிய செயல் செய்யப்படாமற் போன நாட்களுக்குச் சான்றாக இன்றும் நிற்கின்றன.